காசியோதோரர் வரலாறு: கலைக்கல்வியும் சமயப்பற்றும்

துறவு பூண்டார்க்கு இலக்கணமும் அளவை நூலும் ஏனைக் கலைகளும் வேண்டப்படுவனவோ, அன்றித் தம் சமயத் திருநூல் ஒன்றே அமையுமோ என்னும் வினா நம் திருமடங்களிற் பன்முறை எழுந்துளது. கலைஞானம் பாசஞானமே என்பதும், அதுகொண்டு முதல்வனை உணர்தல் கூடாதென்பதும் சித்தாந்தத் துணிபு. ஆயினும் அக்கலைகளைப் பயிலாதார் சிவஞானபோதத்துள் ஒரு சூத்திரத்திற்கேனும் சொற்கூட்டிப் பொருள்காண வல்லராகார் என்பதும் ஆசிரியர்பாற் பாடங்கேட்டார் அனைவரும் அறிந்ததே. இவ்விரண்டு உண்மைகளும் தம்முள் முட்டாது நிற்குமாறு யாங்ஙனம் என்று ஆராய்தற்கே தம் முதுமைக்காலம் முழுவதையும் செலவிட்ட ஒருவர் வரலாற்றை ஈண்டுக் கூறப்புகுகின்றாம். அவர் நம் சமயத்தவரல்லர். இத்தாலி நாட்டுக் கிறித்தவர். நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் தோன்றியருளிய 7-ஆம் நூற்றாண்டிற்குச் சிறிது முன்னே வாழ்ந்தவர். காசியோதோரர் என்பது அவர் பெயர். பரபக்கம் அறிந்தன்றிச் சுபக்கம் நிறுவாத மரபினராகிய நமக்குப் புறச்சமயத்தார் ஒருவர் வரலாற்றினின்றும் கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதல் புதிதன்று.

கிறித்து சமயம் உரோமப் பேரரசிற் பரவிய ஞான்று, அந்நாட்டு இளைஞர் கற்ற கல்வி முழுவதும் பழைய உரோமர் யவனர்தம் கல்வியேயாம். வெர்ஜில் என்னும் புலவர் காப்பியத்தைக் கொண்டு இலக்கணமும், சிசரோவின் நூல்களைக் கொண்டு சொல்வன்மையும் பயின்றனர். அந்நூல்களோ பழந்தெய்வங்களின் கதைகள் நிறைந்தவை. ஆகலின் கிறித்தவ ஆசிரியர்க்கு அவற்றைக் கொள்வதா, விடுவதா என்னும் ஐயம் எழுந்தது. 200-ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த தெர்த்துல்லியன் என்பார், தத்துவத்தின் நகராகிய ஏதென்சிற்கும் தம் திருநகராகிய எருசலேமிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என மறுத்தொழிந்தார். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஜெரோம் என்னும் பேரறிஞர், தாம் கிறித்துவின் மாணாக்கரல்லர், சிசரோவின் மாணாக்கரே என்று இறைவன் மன்றில் குற்றஞ் சாட்டப்பெற்றதாகக் கனாக் கண்டு நடுங்கினார். அவர் காலத்து அகுஸ்தீனார், எகிப்தியர் பொன்னை இசுரவேலர் கொண்டுசென்று நன்னெறியிற் பயன்படுத்தியவாறு போலப் புறத்தார் கலைகளையும் கொண்டு பயன்படுத்துதல் தகும் என்று இடைவழி கண்டார். அக்கருத்து நூலளவில் நின்றதேயன்றி, அதனை நாள்தோறும் நடாத்துதற்குரிய பள்ளி ஒன்று இலத்தீன் மொழி வழங்கும் நாடுகளில் நிலைபெற்றிலது. அப்பணியைத் தம்மேற்கொண்டவரே காசியோதோரர்.

அவர் ஏறக்குறைய கி.பி. 485-இல் இத்தாலியின் தென்கோடியிற் கடற்கரையை அடுத்த ஸ்கில்லாசியம் என்னும் ஊரிற் பிறந்தார். அவர்குடி அரசியற் பணியிற் சிறந்தது. பாட்டனார், ஹூணர் தலைவனாகிய அத்திலாவினிடம் தூது சென்று மீண்டவர். தந்தையார், தியோடரிக் என்னும் அரசன்கீழ்த் தலைமை அமைச்சராய் விளங்கியவர். உரோமப் பேரரசின் மேற்பகுதி வீழ்ந்தபின், 493 முதல் 526 வரை இத்தாலியை ஆண்ட அத்தியோடரிக், கோத்தர் என்னும் வேற்றினத்தவன். அவனும் அவன் இனத்தவரும் ஆரியூசு என்பாரது கொள்கையைத் தழுவி, மகனாகிய கிறித்து தந்தையாகிய கடவுளுக்கு நிகராகார் என்றனர். உரோம மக்களோ நிகராவர் என்றனர். ஆகவே அரசன் ஒரு கொள்கையும் குடிகள் வேறொரு கொள்கையும் உடைய நாட்டில், இருவரையும் இணைத்து நிற்கும் கடமை காசியோதோரர்க்கு இளமையிலேயே வாய்த்தது.

அரசனைப் புகழ்ந்து அவர் ஆற்றிய உரையொன்று அவன் உள்ளத்தைக் கவர்ந்தது. 507 முதல் 511 வரை, நம் சோழமன்னர் அவையில் ஓலைநாயகம் என்று வழங்கிய பதவியை ஒத்த பதவியில் அமர்ந்து, அரசன் ஆணைகளையெல்லாம் வளஞ்செறிந்த இலத்தீன் மொழியில் அவரே எழுதினார். 514-இல் கொன்சுல் என்னும் உயர்சிறப்பும், 523-இல் அரசவை அலுவல்கள் அனைத்துக்கும் தலைமையும், 533-இல் தந்தையார் வகித்த தலைமை அமைச்சுப் பதவியும் பெற்றார். அரசர் பெயரால் தாம் எழுதிய மடல்களைப் பின்னர் 12 பகுதிகளாகத் தொகுத்தார். அத்தொகுதியில் 468 மடல்கள் உள. அக்காலத்து இத்தாலியின் ஆட்சிமுறையை அறிதற்கு அதனினும் சிறந்த கருவி பிறிதில்லை.

இவ்வுயர்வினிடையே ஒரு கறையும் உளது. அதனை மறைத்தல் வரலாறு எழுதுவார்க்கு முறையன்று. பொயேத்தியசு என்பார் அக்காலத்துப் பேரறிஞர். அரிஸ்டாட்டிலின் அளவை நூல்களை யவன மொழியினின்றும் இலத்தீனில் ஆக்கித் தந்தவர். பர்கண்டிய நாட்டரசனுக்குப் பரிசாக அனுப்புதற்கு நிழற்கடிகாரம் ஒன்றும் நாழிகை வட்டில் ஒன்றும் அமைத்துத் தருமாறு தியோடரிக் அவரை வேண்டிய மடல், காசியோதோரர் கையால் எழுதப்பட்டதாகும். அத்தகையார்மேற் பின்னர் அரசத்துரோகப் பழி சுமத்தப்பட்டது. சிறையில் இருந்துகொண்டே தத்துவத்தின் ஆறுதல் பற்றிய அழியா நூலை இயற்றி, 524-ஐ ஒட்டி அவர் கொல்லப்பட்டார். அவர் வகித்த அவைத்தலைமைப் பதவியில் அடுத்து அமர்ந்தவர் காசியோதோரரே. நண்பரின் வீழ்ச்சி குறித்து அவருடைய 468 மடல்களுள் ஒரு சொல்லும் இல்லை. அஞ்சினரோ, அரசன் சொல்லையே மெய்யென நம்பினரோ, பேசிப் பயனின்றென அடங்கினரோ, நாம் துணிதற்கில்லை. கல்வியும் சமயப்பற்றும் ஒருங்கு வாய்ந்தாரும் அறத்தின்பொருட்டு வாய்திறவாது நிற்கும் காலம் உண்டு என்பது மட்டும் இதனாற் புலனாகின்றது.

526-இல் தியோடரிக் மறைந்தான். அவன் பெயரன் இளம்பருவத்தனாகலின், அவன் மகள் அமலசுந்தை ஆட்சியை நடத்தினாள். பெயரன் 534-இல் இறந்தனன். அமலசுந்தையும் 535-இற் கொல்லப்பட்டாள். அதனையே காரணமாகக் கொண்டு, கான்ஸ்டாண்டினோபிளில் இருந்து ஆண்ட பேரரசன் ஜஸ்டினியன் இத்தாலியின்மேற் படைவிடுத்தான். அக்கொடும்போர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் நிகழ்ந்து நாட்டைப் பாழாக்கிற்று.

அப்போர் மூளும் காலத்தேதான் காசியோதோரர் உள்ளத்தில் ஒரு பெருங்கவலை எழுந்தது. உலகியற் கல்வியை ஊதியம் பெற்றுக் கற்பிக்கும் ஆசிரியர் உரோமாபுரியில் இருந்தனர். இறைநூலை முறையாகக் கற்பிக்கும் பொதுப் பள்ளியோ ஒன்றேனும் இல்லை. கீழ்நாடுகளில், முன்னர் அலெக்ஸாந்திரியாவிலும் தம் காலத்து நிசிபிசிலும் அத்தகைய பள்ளிகள் உண்மையை அவர் கேள்வியுற்றிருந்தார். 535-இல் உரோமைத் தலைமைக் குருவாகிய அகபெத்துடன் கூடி, பொருள் திரட்டி அந்நகரிலும் ஒரு பள்ளி நிறுவ முயன்றார். ஆனால் அமைதிப்பணிக்கு அக்காலம் இடந்தரவில்லை. அகபெத்து, கோத்த அரசன் பொருட்டுக் கான்ஸ்டாண்டினோபிளுக்குத் தூது செல்ல நேர்ந்தபோது, வழிச்செலவிற்குப் பொருளின்றித் திருச்சபையின் வழிபாட்டுக் கலங்களை அடகு வைத்தார். காசியோதோரர் அவற்றை மீளக் கொடுப்பித்தார். தூது சென்ற அகபெத்து 536-இல் அந்நகரிலேயே உயிர்நீத்தார். அடுத்த ஆண்டு உரோமாபுரி முற்றுகைக்குட்பட்டது. பள்ளி எழாமலே அழிந்தது.

அதன்பின் காசியோதோரர் அரசியற் பணியினின்றும் நீங்கினார். பதவி துறக்கும் காலத்தில் ஆன்மாவின் இயல்பு குறித்து ஒரு சிறுநூல் எழுதினார். புறத்தே நாட்டை ஆண்டவர் அகத்தே தம்மை அறியப் புகுந்தமைக்கு அந்நூல் சான்றாகும். பின்னர்ப் பல்லாண்டுகள் கான்ஸ்டாண்டினோபிளில் தங்கினார். அக்காலத்தில் தாவீதின் சங்கீதங்கள் 150-க்கும் விரிவுரை வகுப்பதில் ஈடுபட்டார். அவ்வுரையிற் சொல்லணி வருமிடம், அளவை முறை வருமிடம், எண்ணியல் வருமிடம் முதலியவற்றை ஓரத்தில் வெவ்வேறு குறிகளிட்டுக் காட்டினார். கலைகள் மறைநூலுக்குப் புறம்பானவை அல்ல என்று மாணாக்கர் தம் கண்ணாற் காணுதற்கே இவ்வாறு செய்தனர் என்க.

போர் முடிவுற்ற 554-ஐ ஒட்டி, ஏறக்குறைய 70 அகவையினராய்த் தம் பிறந்த ஊருக்கு மீண்டார். அங்குத் தம் குடிக்குரிய நிலத்தில் அமைந்த மடத்திற்கு விவாரியம் என்பது பெயர். மலையடியிற் பாறையைக் குடைந்தமைத்து ஆற்றுநீர் பாய்ச்சிய மீன்குளங்கள் ஆங்கிருந்தமையால் அப்பெயர் எய்திற்று. நீர்வளஞ் சான்ற தோட்டங்களும், நோயாளர்க்கு உதவும் நீராடு துறைகளும் இருந்தன. தனித்திருந்து தவம்புரிய விழைவார்க்கு அருகிலுள்ள குன்றில் வேறிடம் வகுக்கப்பட்டது. ஆயினும் அம்மடத்தின் உயிர்நிலை அதன் நூல்நிலையமே. இத்தாலியினின்றும் ஆப்பிரிக்காவினின்றும் ஏடுகளைத் தேடித் தொகுத்தார். யவன நூல்களை எபிபானியசு முதலிய அறிஞரைக் கொண்டு இலத்தீனில் மொழிபெயர்ப்பித்தார். யூதர் வரலாறாகிய ஜோசிப்பசின் பெருநூலும் அவ்வாறு ஆக்கப்பட்டவற்றுள் ஒன்று. படியெடுப்போர்க்கு வேண்டும் வசதிகளையும் அவர் நுணுகிக் கருதினார். எண்ணெயைத் தாமே ஈர்த்துக்கொண்டு நெடுநேரம் எரியும் விளக்குகளை அமைத்தார். சுவடிகளுக்குக் கட்டடம் செய்வார் பார்த்துத் தேர்ந்துகொள்ளுமாறு பலவகை மாதிரிகளை ஒரே ஏட்டில் வரைந்து வைத்தார். பகலிற் காலமறிய நிழற்கடிகாரமும், இரவிலும் மேகமூடிய நாளிலும் அறிய நாழிகை வட்டிலும் நிறுவினார். இவ்விரு கருவிகளையும் அமைக்கும் அறிவுடைமைபற்றி ஒருகாற் பொயேத்தியசைப் பாராட்டி மடலெழுதிய அவர் கையே, அரை நூற்றாண்டின் பின் தம் மடத்தில் அவற்றை நிறுவியது. அன்றியும், தம் மாணாக்கர்க்கு அளவையும் எண்ணூலும் கற்பித்தற்கு அவர் எடுத்துக்காட்டிய நூல்களுள் பொயேத்தியசின் மொழிபெயர்ப்புக்களும் உள. அரசவையிற் சொல்லாது விட்ட பெயரை மடத்திற் சொல்லினார்.

அம்மடத்தார்க்கென அவர் 560-ஐ ஒட்டி இயற்றிய கல்விநெறி நூல் இன்ஸ்டிடூடியோனேஸ் எனப்படும். அது இரு பகுதியது. முதற்பகுதி 33 இயல்களால் மறைநூல்களையும் அவற்றின் உரைகளையும் ஓதும் முறையைக் கூறும். இரண்டாம் பகுதி 7 இயல்களால் இலக்கணம், சொல்வன்மை, அளவை, எண், இசை, வடிவக்கணக்கு, வானூல் என்னும் எழுகலைகளைச் சுருங்கக் கூறும். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறினும், போர்வந்து பள்ளி கலையினும், இந்நூலே ஆசிரியராய் நின்று வழிகாட்டுக என்பது அவர் கருத்து. உரோமாபுரியில் ஆட்களைக் கொண்டு நிறுவ இயலாத பள்ளியை ஏட்டைக் கொண்டு நிறுவினார் என்னலாம்.

கல்வியறிவின்றியே இறையருளால் மறைப்பொருள் உணர்ந்தார் உளர் என்பதை அவர் மறுத்தாரல்லர். எழுத்தறியாதார் சிலர் வேண்டுதலாற் பேரறிவு பெற்ற செய்திகளை அவரே எடுத்துக் கூறுகின்றார். ஆயினும் அவ்வருள் எமக்கும் வருமென்று இருந்தவிடத்தே இருத்தல் இறைவனைச் சோதிப்பதாகும். ஆகலின் யாவர்க்கும் பொதுவாகிய கற்றல் நெறியிற் செல்லுதலே அடக்கமுடைமை என்று முடிக்கின்றார். கல்லாமையை அடியார்தன்மை எனக் கொண்டாடுவார்க்கு இஃதோர் நேரிய மறுமொழியாகும். மற்று, எத்துணை முயன்றும் நூற்பயிற்சி கைகூடாத துறவியரை அவர் இகழ்ந்திலர். அன்னார் தோட்டமும் வயலும் பேணி, விருந்தினரையும் நோயாளரையும் ஓம்புவாராக என்று பணித்து, அவர்க்கும் பயன்பட உழவு நூல்களையும், பிணியாளரைப் பேணுவார்க்கு மருத்துவ நூல்களையும் நூல்நிலையத்தில் வைத்தார்.

படியெடுத்தலை அவர் பெருந்தவமாகவே போற்றினார். வாய்திறவாது விரல்களாலே அறமுரைக்கும் தொழில் அது என்பதும், எழுதும் ஒவ்வொரு சொல்லும் தீமையின்மேற் பாயும் அம்பாகும் என்பதும் அவர் கருத்து. ஆனாற் பிழைபட எழுதுவான் அப்பயனை இழப்பான். ஆகலின் எழுத்திலக்கணம் கற்றல் துறவிக்கும் கடமையாயிற்று. ஈண்டு அவர் வகுத்த எல்லையொன்று மிகவும் கருதத்தக்கது. படியெடுத்தோர் சோர்வாற் புகுந்த பிழையை இலக்கணங்கொண்டு திருத்துக. ஆயின் மறைநூலுக்கே உரிய சொல்வழக்கு, புலவர் இலக்கணத்தொடு மாறுபடினும், அதனை மாற்றற்க என்றார். இலக்கணம் ஏவலாள், மறைநூலே தலைவன். நம் திருமுறைகளின் பாடபேதங்களை ஆராய்வார், யாப்பு நோக்கியும் இலக்கணம் நோக்கியும் மூலபாடத்தில் விரைந்து கைவைத்தற்குமுன் இவ்வெல்லையை நினைவு கூர்தல் நன்று.

மாற்றுக் கொள்கையினர் நூல்களை அவர் கையாண்ட முறையும் நோக்கத்தக்கது. ஓரிகென் என்னும் பழைய உரையாசிரியர் கருத்துக்கள் சிலவற்றைத் திருச்சபை விலக்கியிருந்தது. அவர் நூல்களை எரித்தலும் ஒளித்தலும் செய்யாமல், ஒவ்வாத இடங்கள்தோறும் விலக்குக்குறி ஒன்றையிட்டு ஏனையவற்றைக் கற்குமாறு காசியோதோரர் விடுத்தார். பெலேகியசு என்பாரது உரையொன்றைத் தாமே ஒருபகுதி திருத்தி, எஞ்சியவற்றைத் திருத்தும்படி மாணாக்கரிடம் ஒப்புவித்தார். நூலை அழித்தல் எளிது; குறியிட்டுக் கற்றற்கு இருபக்க நூலறிவும் வேண்டும். எனினும் பிறர் நூலிற் கைவைத்துத் திருத்துதல் அந்நூலாசிரியர்க்குச் செய்யும் நேர்மையாகாது; குறியிடுதலோடு நின்றிருப்பின் இன்னும் சிறப்பாம் என்பது எம் கருத்து.

93 அகவையில், படியெடுக்கும் மாணாக்கர் தமக்குச் சொற்களைப் பிழையின்றி எழுதும் முறை தெளிவாக விளங்கவில்லையென முறையிட்டனர். அமைச்சராயிருந்தவரும் மறைநூலுரை வகுத்தவருமாகிய அம்முதியவர், அதனைச் சிறுதொழிலென்று எண்ணாமல், பழைய இலக்கண ஆசிரியர் நூல்களினின்றும் தொகுத்து எழுத்துப்பிழை நீக்கும் நூலொன்று இயற்றித் தந்தார். அதுவே அவர் எழுதிய இறுதி நூலாகும். 580-ஐ ஒட்டி அவர் மறைந்தார்.

அவர்க்குப்பின் விவாரியம் நெடுநாள் நிலைக்கவில்லை. குளங்கள் தூர்ந்தன, ஏடுகள் சிதறின. அவற்றுட் பல உரோமாபுரியை அடைந்தன என அறிஞர் கருதுவர். அவற்றுள் ஒன்று, கிறித்தவ மறைநூல் முழுவதையும் ஒருங்கே கொண்ட பெருஞ்சுவடி. 680-ஐ ஒட்டிச் சியோல்பிரித் என்னும் துறவி அதனை இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள வேர்மவுத், ஜாரோ என்னும் இரட்டை மடத்திற்குக் கொண்டுசென்றார். அம்மடத்து மாணாக்கராகிய பீட் என்னும் பேரறிஞர் அதிலுள்ள படங்களைத் தாம் கண்டதாக எழுதியுள்ளார். அச்சுவடியின் அமைப்பை நோக்கி, ஜெரோமின் மொழிபெயர்ப்பைக் கொண்டு அம்மடத்தார் மூன்று பெருஞ்சுவடிகள் எழுதினர். அவற்றுள் ஒன்றைச் சியோல்பிரித் 716-இல் உரோமைக்குக் காணிக்கையாக எடுத்துச் செல்லும்போது வழியிலே இறந்தார், சுவடியோ பிழைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தோலேடுகளையுடைய அச்சுவடி இன்று பிளாரன்சு நகரத்து லாரன்சிய நூல்நிலையத்தில் உளது. அம்மொழிபெயர்ப்பு முழுவதையும் கொண்டு இன்று எஞ்சியுள்ள சுவடிகளுள் அதுவே மிகப் பழையது. காசியோதோரரின் மூலச்சுவடி இன்றில்லை. வேறிடம் சென்று படியெடுக்கப்பட்டமையால் அதன் சாயல் மட்டும் எஞ்சிற்று.

இவர் கொள்கையை நம் சித்தாந்தத்தொடு வைத்து நோக்குவோம். எழுகலைகளின் வித்துக்களும் தம் மறைநூலிலேயே உள, புறத்தார் அவற்றை ஆங்கிருந்தே கொண்டனர் என்று அவர் கூறியது வரலாற்றுக்கு ஒவ்வாது. யவனர் தம் கலைகளைத் தாமே கண்டு வளர்த்தனர். நம் ஆசிரியர்க்கு இத்தகைய கூற்று வேண்டப்படுவதன்று. கலைகள் எங்குத் தோன்றினும் மாயையின் காரியங்களே. முதல்வன் உயிர்கள்மாட்டு வைத்த கருணையால் ஆணவ இருளிடை விளக்குப்போல் உதவுவன. விளக்கொளி ஞாயிறாகாது, ஞாயிறு எழுமுன் அதனை அணைப்பானும் அறிவுடையனாகான். இவ்வளவில், விளக்கை அமைத்துக்கொண்டு இரவில் ஏடெழுதிய அம்முதியவர் செயல் நம் கொள்கைக்குச் சான்றாகின்றது. அவர் கொள்கைக்கூற்றினும் அவர் செயலே நமக்குக் கொள்ளற்பாலது.

பெருநகரில், தலைமைக் குருவின் துணையும் திரட்டிய பொருளும் இருந்தும் எழாத பள்ளி, சிற்றூரில் ஒரு முதியவர் கையால் எழுந்தது. அம்மடம் அழிந்தும், பிறர் படியெடுத்துக்கொண்டமையால் அவர் கல்விநெறி நூல் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மடங்களிற் பயிலப்பட்டது. பூட்டிய பேழையிற் கிடந்த ஏடு எதுவும் அவ்வாறு பிழைத்ததன்று. நம் மடங்களின் ஏடுகளும் பேழையிற் கிடத்தலோடு அமையாது, படியெடுக்கப்பெற்றும் பிழைநீக்கப்பெற்றும் மாணாக்கர் கையில் உலவுமாயின், நம் முன்னோர் அவற்றை எழுதிய பயன் நிறைவேறும்.